மறு: 'பயோமேக்னிஃபிகேஷன்' – 'உயிரிப்பெருக்கம்' வேண்டாம், 'இரைவழியேற்றம்' சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம். ஒன்றை ஒன்று உண்ணும் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக, உடலில் நஞ்சின் அளவு கூடுவதைத்தான் ஆங்கிலத்தில் 'பயோமேக்னிஃபிகேஷன்' என்கிறார்கள். அதற்கான 'உயிரிப்பெருக்கம்' என்ற சொல்லை மாற்ற வேண்டாம் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்:

> 'உயிரிப்பெருக்கம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இப்போது மாற்றினால் மாணவர்கள்தான் குழம்புவார்கள்.

ஐயா, குழப்பம் முன்பே வந்துவிட்டது. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

புதுச்சேரிப் பக்கத்திலுள்ள ஊசுட்டேரிக்குப் பறவை பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்காக நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொக்கு, நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் என்று நீரில் நடந்து இரை தேடும் பறவைகளின் உடல்நலம் பற்றியது. அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புநிலங்களில் இந்தப் பறவைகளுக்கு நேர்ந்த இரண்டு கேடுகளை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒன்று பாதரசம், மற்றொன்று ஒரு புழு. இரண்டையும் ஒரே பக்கத்தில் விளக்கி, "சதுப்பில் உயிரிப்பெருக்கம் நிகழ்வதால் கொக்குக் குஞ்சுகள் நலிகின்றன" என்று எழுதினேன். அதைப் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, "புழு ரொம்பப் பெருகிடுச்சா மிஸ்?" என்று கேட்டாள்.

அவள் சரியாகத்தான் படித்தாள். இனப்பெருக்கத்தில் இனம் பெருகுகிறது, மக்கள்பெருக்கத்தில் மக்கள் பெருகுகிறார்கள். அப்படியானால் உயிரிப்பெருக்கத்தில் உயிரிதானே பெருக வேண்டும்? பாதரசத்தை மட்டும் பேசும் கட்டுரையில் இந்தச் சொல் எப்படியோ தப்பித்துக்கொள்ளும். ஒட்டுண்ணியும் கூடவே வந்தால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. சிலர் எழுதும் 'உருப்பெருக்கம்' நுண்ணோக்கிக்குப் பொருந்தும். அங்கே உரு பெரிதாகத் தெரிகிறது, பொருள் கூடுவதில்லை. இங்கே கூடுவது ஒவ்வொரு கிலோ உடலிலும் உள்ள நஞ்சின் அளவு.

நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். சேற்றின் அடியில், ஆக்சிஜன் இல்லாத அடுக்கில், சல்ஃபேட்டைக் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. சாதாரணப் பாதரசத்தை மெதில்பாதரசமாக மாற்றுவதில் அவற்றுக்குப் பெரும்பங்கு. மெதில்பாதரசம் புரதத்திலுள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டால் எளிதில் உடலை விட்டுப் போகாது. பாசியிலிருந்து மிதவை உயிருக்கும், அதிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் செல்கிறது. நீரில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்கும் அதற்கு மேலும் பெருமீனின் தசையில் சேர முடியும். கொக்கு உறுமீனுக்காகக் காத்து நிற்கும் என்போமே, அந்த உறுமீனில்தான் நஞ்சும் அதிகம். எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இது.

குஞ்சுகளின் கதை இன்னும் நுட்பமானது. இறகு முளைத்து வளரும் வரை, வரும் பாதரசத்தில் பெரும்பகுதி இறகுக்குப் போய்விடுகிறது. அதுவரை குஞ்சுக்கு அது ஒரு காப்பு. இறகு வளர்ந்து முடிந்ததும் அந்த வடிகால் அடைபட்டு, இரத்தத்தில் பாதரசம் கூடத் தொடங்குகிறது. கூட்டை விட்டு இறங்கித் தானே மீன் பிடிக்கப் பழகும் நாட்களும் அவையே. நரம்பையும் பசியையும் தாக்கும் நஞ்சு அந்த வேளையில் வந்து சேர்கிறது.

இனி புழு. யூஸ்ட்ராங்கிலைடிஸ் என்ற உருளைப்புழு. அதன் முட்டை பறவையின் எச்சத்தோடு நீரில் விழும். சேற்றில் வாழும் வளையப்புழு அதை உண்ணும், வளையப்புழுவை மீன் உண்ணும், மீனைக் கொக்கு உண்ணும். கொக்கின் இரைப்பைச் சுவரைத் துளைத்து அது அங்கே குடியேறும். ஃபுளோரிடாவில் குஞ்சுகள் பல இப்படிச் செத்திருக்கின்றன. கழிவால் ஊட்டச்சத்து மிகுந்த நீரில் அந்தச் சேற்றுப்புழுக்கள் கொழிக்கும் என்பதால் ஆபத்தும் அங்கே கூடுதல்.

பாதரசம், புழு இரண்டுமே கொக்குக்குள் போவது இரை வழியாகத்தான். சொல்லும் அந்த வழியையே காட்டட்டும். ஆகவே 'இரைவழியேற்றம்' என்று முன்மொழிகிறேன். புழு பரவுவதை 'இரைவழித் தொற்று' எனலாம். உடம்பில் மொத்தமாகச் சேர்ந்து தங்கும் பயோஅக்யுமுலேஷனுக்கு 'உடல்தேக்கம்'. வருவது போவதைவிட அதிகமானால் தேங்கும் என்பது ஏரிக்கரையில் வாழும் யாருக்கும் விளக்காமலே புரியும்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. அன்றிலிருந்து பாதரசம் பற்றித் தமிழில் எவ்வளவோ எழுதிவிட்டோம். இந்த ஒரு நிகழ்வுக்கு நல்ல சொல் இல்லாமல் இன்னும் எத்தனை நாள்?

அன்புடன்,
வில்லியனூரிலிருந்து

---

அக்கா, வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன்.

'இரைவழி' எனக்கு உடனே பிடித்துப்போனது. 'ஏற்றம்' பற்றித்தான் தயக்கம். வாழ்வில் ஏற்றம், விலையேற்றம் என்றெல்லாம் இருக்கிறதே என்று யோசித்தேன். அப்புறம் வீட்டில் அம்மா பேசுவது நினைவுக்கு வந்தது. பாம்பு கடித்தால் "விஷம் ஏறுது" என்பார். நஞ்சுக்கு நம் பேச்சில் உள்ள வினையே ஏறுதல்தான். தயக்கம் போயிற்று.

பாடத்தில் வரும் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி எடுத்துக்காட்டில் வைத்துப் பார்த்தேன். பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில் மிதவை விலங்கில் 0.04, சிறுமீனில் 0.5, பெருமீனில் 2, மீன்தின்னிப் பறவையில் 25. "டிடிடி இரைவழி ஏறுகிறது" என்று வினையாகவும், "இரைவழியேற்ற மடங்கு" என்று அளவாகவும் எழுத வருகிறது. 'உயிரிப்பெருக்கம்' வினையாகவே மாட்டேன் என்கிறது.

இரண்டு திருத்தம் சொல்லலாமா? மீன் தன் செவுள் வழியே நீரிலிருந்து நேராகவும் நஞ்சை எடுத்துக்கொள்ளும். அந்த பயோகான்சென்ட்ரேஷனை 'நீர்வழிச் செறிவு' என்று பிரித்துவிடுங்கள். அப்போது நீர்வழி, இரைவழி இரண்டும் சேர்ந்து உடல்தேக்கம் என்று மூன்று சொல்லும் உறவுக்காரர்களாக நிற்கும். இன்னொன்று, கொக்கை அடையும் முன் ஒட்டுண்ணிப் புழு இடையில் தங்கும் வளையப்புழுவையும் மீனையும் 'இடைநிலை விருந்தோம்பி' என்று எழுதிவிடாதீர்கள். அவை யாரையும் அழைத்து விருந்து வைக்கவில்லை. 'இடை ஓம்புயிரி' போதும்.

---

தம்பி,

'நீர்வழிச் செறிவு' எனக்குத் தோன்றவே இல்லை, எடுத்துக்கொண்டேன். ஓம்புயிரியில் வரும் 'ஓம்பு' என்பதும் விரும்பிப் பேணுவதுதானே? அதைவிட 'இடைத் தங்குயிர்' நேராக இருக்கிறது, புழு தங்கிச் செல்லும் உயிர் என்று. மற்றவர்களும் சொல்லட்டும், அதுவரை உங்கள் சொல்லையே வைக்கிறேன்.

கையேட்டின் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"ஃபுளோரிடாவின் சதுப்பில் பாதரசம் இரைவழி ஏறிக் கொக்கின் உடலில் தேங்கியது. அதே இரைவழியில் புழுவும் தொற்றியது."

ஃபுளோரிடா என்ற பெயரை அழுத்தியே எழுதியிருக்கிறேன். அங்கே கண்டதை ஊசுட்டேரிக் கொக்கின் தலையில் ஏற்றிவிடக் கூடாது. சனிக்கிழமை அந்த மாணவியிடம் இந்த வரியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, அவள் என்ன கேட்டாள் என்று எழுதுகிறேன்.