பெற்றோல் காரை விட்டு மின்சாரக் காரை எடுத்தவர்களே, உங்களை உந்திய காரணம் எது?

வடமராட்சி ஆசிரியர் கேட்டது:

வணக்கம் உறவுகளே. பருத்தித்துறையில் வீடு, யாழ்ப்பாண நகரில் பாடசாலை என்பதால், கிழமை நாட்களில் போகவும் வரவுமாக ஏறத்தாழ 70 கிலோமீற்றர் ஓட்டுகிறேன். இதுவரை கைகொடுத்த பெற்றோல் கார் இனித் திருத்தத் திருத்தச் செலவு வைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், புதிய மின்சாரக் கார்கள் எங்கள் வீதிகளிலும் கண்ணில் படத் தொடங்கியிருக்கின்றன. 2015ஐ ஒட்டிய காலத்தில் நாட்டுக்கு வந்த நிசான் லீப் கார்களும் பாவித்த வாகனங்களாக விலைக்குக் கிடைக்கின்றன.

செலவுக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காருக்குக் கிலோமீற்றருக்கு 25 ரூபாய் போகிறது. மின்சாரக் கார் ஒரு யூனிற்றில் (ஒரு கிலோவாட் மணி) 6 அல்லது 7 கிலோமீற்றர் ஓடும். ஓட்டச் செலவில் மின்சாரம் வெல்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாங்கும் விலையையும், அதை உயர்த்திவிடும் இறக்குமதி வரியையும், பற்றரியின் ஆயுளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த இலாபம் எப்போது கைக்கு வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறிவிடுகிறது. ஆகவே பணத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் கேட்கிறேன். பெற்றோல் கார் வாங்கும் வசதி இருந்தும் மின்சாரக் காரையே எடுத்தவர்கள் எதற்காக எடுத்தீர்கள்? ஓட்டத் தொடங்கிய பிறகும் அந்தக் காரணம் நிலைத்து நின்றதா?


கோண்டாவில் மூத்தவன் எழுதியது:

தம்பி, என் காரணம் 1990இல் தொடங்குகிறது. அவ்வாண்டு போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. டோர்ச்சுக்குப் போடும் பற்றரி கூடத் தடைப் பட்டியலில் இருந்தது. ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் அந்நாட்களில் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது என்பதால், சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால்தான் அதுவும் முடிந்தது. அந்தச் சில துளிக்கான பெற்றோல் சிறு போத்தல்களில் அளந்து விற்கப்பட்டது. பிரசவ வலி கண்ட பெண்ணை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன காரும் அப்படித்தான் இயங்கியது. அந்தப் புகையின் நெடி அக்காலத்தில் இங்கிருந்தவர்களுக்கு மறந்திராது.

பிறகு 2022 வந்தது. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல் 2022 யூன் இறுதியில் 470 ரூபாயாயிற்று. அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமாக நின்றவருக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. யூன் 28ஆம் திகதியில் இருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. அதன் பின்னர் வந்த கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்தார்கள். முதல் முறை காரணம் போர், இரண்டாம் முறை காரணம் டொலர் இல்லாமை. காரணங்கள் எவ்வளவு வேறுபட்டாலும், கப்பலில் வந்து இறங்க வேண்டிய ஒன்றை நம்பித்தான் இரண்டு காலத்திலும் எங்கள் கார்கள் இருந்தன. மூன்றாவது முறையும் அப்படி ஒரு வரிசையில் நிற்பதில்லை என்று முடிவெடுத்தேன். நான் மின்சாரக் கார் எடுத்ததற்கு அதைவிட வேறு காரணம் இல்லை.

ஆனால் இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பலர் இதை விசாரிக்காமலே பணத்தைப் போடுகிறார்கள். மின்சார சபையின் இணைப்போடு சேர்ந்து இயங்கும் சாதாரண சோலர் தொகுதி, வெளியே மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு மின்தாக்கம் ஏற்படாமல் இருக்கவே, சோலர் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர் அவ்வாறு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, நல்ல வெயிலில் எத்தனையோ கூரைகள் பயனற்றுக் கிடந்தன. பெற்றோல் வரிசையில் இருந்து தப்பிக்க மின்சாரக் கார் எடுத்து, அதற்கு மின்சார சபையை மட்டும் நம்பியிருந்தால், அந்த மாதங்களில் உங்கள் நிலை பெரிதாக மாறியிருக்காது. ஆகவே வெளியே மின்சாரம் நின்றாலும் இயங்கக்கூடிய, பற்றரி சேமிப்புள்ள ஹைபிரிட் இன்வேட்டரை முதலில் பொருத்தினேன், காரை அதற்குப் பிறகே எடுத்தேன்.

காரணம் நிலைத்ததா என்று கேட்டீர்கள். நிலைத்தது. முழு விடுதலை என்று சொல்லமாட்டேன்: டயரும் பற்றரியும் இன்வேட்டரும்கூடக் கப்பலில்தான் வருகின்றன. ஆயினும் அவை ஒருமுறை வந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் உழைப்பவை. பெற்றோலோ கிழமைதோறும் வந்தாக வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே நான் இன்றும் இதையே தெரிவு செய்வேன்.


வெள்ளவத்தைத் தாதி எழுதியது:

ஐயா எழுதியதை வாசித்தபோது மனம் கனத்தது. எங்கள் தலைமுறைக்குத் தெரிந்தது 2022 மட்டுமே. என் காரணமும் அங்கிருந்துதான் வருகிறது, ஆனால் அது நாட்டைப் பற்றியதல்ல, கடமை நேரத்தைப் பற்றியது. அத்தியாவசிய சேவை என்ற வகையில் எங்களுக்கு எரிபொருள் ஒதுக்கப்பட்டிருந்தாலும், அதைப் பெற வரிசையில் நின்றேயாக வேண்டும். இரவுக் கடமை முடித்து வந்து, அடுத்த இரவுக் கடமைக்குப் போவதற்கான பெற்றோலுக்காகப் பகலில் நிற்க வேண்டியிருந்தது. நோயாளிக்கு மருந்தின் அளவைக் கணக்கிடும் ஒருவர் தூக்கமின்றி நிற்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் நான் தூங்கும் நேரத்தில் கார் தானாகத் தயாராகிவிட வேண்டும் என்பதே என் தேவையாக இருந்தது.

அடுக்குமாடியில் வசிப்போருக்கு ஒரு வார்த்தை: காரை எடுப்பதற்கு முன், உங்கள் வாகனத் தரிப்பிடத்துக்குத் தனி மீற்றரோடு மின்இணைப்புத் தருவதற்கு நிருவாகக் குழுவின் எழுத்துமூலமான சம்மதத்தைப் பெறுங்கள். எங்கள் கட்டடத்தில் தீப்பிடிக்கும் என்ற அச்சத்தை நீக்குவதற்கே மாதங்கள் பிடித்தன.


சுன்னாகம் கிணற்றடி எழுதியது:

என் காரணத்தைக் கேட்டால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் மின்சாரக் கார் எடுத்தது தண்ணீருக்காக.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கித் தேங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம், குடிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். வெடிப்புகளும் துளைகளும் நிறைந்த அந்தப் பாறை எதையும் முறையாக வடிகட்டுவதில்லை. மேலே ஊற்றப்படுவது கீழே போய்ச் சேர்கிறது. எங்கள் ஊர்க் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையை நாடே அறியும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் மின் உற்பத்தி நிறுவனம் ஒன்று 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்த எண்ணெய் மின்சாரம் தயாரித்த இடத்தில் இருந்து வந்தது என்பதையும் நான் மறைக்கவில்லை. மின்சாரம் என்ற பெயரே தூய்மைக்கு உத்தரவாதம் அல்ல.

ஆயினும் எண்ணெய் நிலத்துக்குள் போகும் வழி பெரிய நிலையங்கள் மட்டுமல்ல. ஒவ்வொரு பெற்றோல் காரில் இருந்தும் சில ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மூன்று, நான்கு லீற்றர் கழிவெண்ணெய் வடிக்கப்படுகிறது. அதைச் சேகரித்து முறையாக அகற்றும் கராஜுகள் உண்டு. பின்வளவில் ஊற்றிவிடும் கராஜுகளும் உண்டு, வேலியடியில் கறையான் வராமலிருக்க அதை வாங்கிச் சென்று ஊற்றுபவர்களும் உண்டு. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய்ப் படலத்தைக் கண்ட பிறகு, என் வளவில் எஞ்சின் ஒயில் மாற்றும் ஒரு வாகனத்தை வைத்திருக்க எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. மின்சாரக் காரிலும் கியர்ப் பெட்டியில் சிறிதளவு எண்ணெயும், பிரேக் திரவமும், குளிர்விக்கும் நீரும் இருக்கின்றன. ஆனால் அடிக்கடி வடித்து ஊற்றும் எஞ்சின் ஒயில் இல்லை. எனக்கு அது போதும்.


கண்டிப் பாதை எழுதியது:

மூன்று பதில்களையும் மதிக்கிறேன். கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமலே பற்றரிக்கு மின்சாரம் திரும்புவதைக் கண்டு மகிழ்பவன்தான் நானும். எனினும் சுற்றுச்சூழலையோ சுயசார்பையோ காரணமாகச் சொல்பவர்கள், எந்த நேரத்தில் சார்ஜ் செய்கிறோம் என்பதைப் பற்றிப் பேசாமல் விடக்கூடாது.

இரவில் நீங்கள் எடுக்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கு நுரைச்சோலையில் இருந்து வருகிறது. 900 மெகாவாட் கொள்ளளவுள்ள அந்த நிலையம் எரிப்பது இறக்குமதி நிலக்கரி. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் அதைப் பெரும்பாலும் மற்ற மாதங்களிலேயே இறக்கிச் சேமிக்க வேண்டும். ஆக, இரவுச் சார்ஜும் ஒரு கப்பலை நம்பித்தான் இருக்கிறது. பகலிலோ நிலைமை தலைகீழ். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்து கூரைகளில் இருந்து வரும் மின்சாரம் மிகுந்ததால், வீட்டுச் சோலர் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. விடுமுறைப் பகலில் காரைச் செருகி வைப்பவர் அந்த மிகுதியைப் பயன்படுத்துகிறார், மாலை 6.30க்குச் செருகுபவர் மின்தேவை உச்சத்தில் நிற்கும் நேரத்தில் மேலும் சுமையை ஏற்றுகிறார்.

ஆசிரியர் ஐயா, உங்களுடைய ஓட்டத்துக்கு மாதம் 230 யூனிற்றுக்கு மேல் தேவைப்படும். வீட்டுப் பாவனையோடு சேரும்போது அது 180 யூனிற்றைத் தாண்டிய உயர் கட்டணப் படியில் போய் விழும். சோலர் இல்லாவிட்டால், இரவு 10.30இல் இருந்து அதிகாலை 5.30 வரை குறைந்த கட்டணம் அறவிடும் நேரவாரிக் கட்டண முறைக்கு விண்ணப்பியுங்கள். பணம் மிஞ்சும், ஆனால் நிலக்கரி எரியும். உங்கள் காரணம் எதுவென்று நீங்கள் முதலில் தெளிந்தால்தான் பகல் சோலர், இரவுக் கட்டணம் என்ற இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய முடியும்.


வடமராட்சி ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் வீட்டிலும் 1990களின் போத்தல் பெற்றோலை அறிந்தவர்கள் இருப்பதால், கோண்டாவில் ஐயாவின் காரணமே எனக்கு மிக நெருக்கமாகப் படுகிறது. ஆனால் கண்டி நண்பர் சொன்னது ஒரு முடிச்சை முன்னால் வைத்துவிட்டது: வெயில் அடிக்கும் நேரம் முழுவதும் என் கார் பாடசாலையில் நிற்கும். கூரை பருத்தித்துறையில், கார் யாழ்ப்பாணத்தில். இதற்கு என்ன வழி?


கோண்டாவில் மூத்தவன் எழுதியது:

நியாயமான கேள்வி தம்பி. சாதாரண காலத்தில் நெற் மீற்றறிங் அந்த முடிச்சை அவிழ்த்துவிடும்: பகலில் கூரை கொடுத்த யூனிற்றை இரவில் திரும்ப எடுக்கிறீர்கள், மிஞ்சியது அடுத்த மாதக் கணக்குக்குப் போகிறது. நெருக்கடிக் காலத்துக்குத்தான் வேறு கணக்கு வேண்டும்.

5 கிலோவாட் தொகுதி எங்கள் வெயிலில் நாளுக்குச் சராசரி 20 யூனிற் தரும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காரை வீட்டில் செருகி வைத்தால், வீட்டுப் பாவனையை அடக்கிக்கொண்டால், 40 யூனிற்றில் பெரும்பகுதியைக் காருக்கே கொடுக்கலாம். அது 200 கிலோமீற்றருக்குக் குறையாது; உங்கள் கிழமை ஓட்டமான 350 கிலோமீற்றரில் பாதிக்கு மேல். மீதியை வீட்டுச் சேமிப்புப் பற்றரியில் இருந்து இரவில் சிறிது சிறிதாக எடுக்கலாம், அல்லது இரண்டு நாள் பேருந்தில் போகலாம். 2022இல் 20 லீற்றருக்காக இரவிரவாக நின்றவர்களுக்கு இது பெரிய காரியம்.

ஆனால் இதைச் செய்ய வேண்டுமானால் அந்த 40 யூனிற்றையும் கொள்ளக்கூடிய பற்றரி காரில் இருக்க வேண்டும். முதல் தலைமுறை லீப் 24 யூனிற் பற்றரியோடு வந்தது. அதைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடும் இல்லாததால் எங்கள் வெப்பத்தில் கொள்ளளவு விரைவாகக் குறைந்திருக்கும். மீற்றரின் ஓரத்தில் பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கட்டங்கள் தெரிய வேண்டும்; அவற்றில் ஒன்று அணைந்திருந்தாலே ஏறத்தாழ 15 வீதம் போய்விட்டது என்று பொருள். நகருக்குள் ஓடுபவருக்கு அது இன்றும் நல்ல கார். நாளுக்கு 70 கிலோமீற்றர் ஓட்டும் உங்களுக்கு அது ஒவ்வொரு இரவும் சார்ஜ் கேட்கும். அப்போது நீங்கள் எந்தக் காரணத்துக்காக எடுக்கிறீர்களோ அந்தக் காரணத்துக்கே அது உதவாது. 40 யூனிற்றும் அதற்கு மேலும் கொள்ளும் காரை விலை கட்டுப்படியாகும்வரை பொறுத்திருந்து எடுங்கள். அதுவரை பழைய காரைத் திருத்தி ஓட்டுவதில் தவறில்லை.

கூரை வேலையை மட்டும் இப்போதே தொடங்கலாம். உங்கள் வீட்டு இணைப்பு ஒற்றைக் கட்டமா, மூன்று கட்டமா, எத்தனை அம்பியர், மண்தொடுப்புக் கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்த்து எழுதுங்கள். எந்த அளவு இன்வேட்டர் பொருந்தும் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.