ஒப்புமை முறையில் பயிலரங்கு: நடத்தியவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் நோயாளிகள் காத்திருக்கும் முறையை மாற்றியமைக்க, வேறு துறைகளோடு ஒப்பிட்டு யோசனை திரட்டும் பயிலரங்கு நடத்தப் போகிறோம். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைதான் எனக்கு முன்மாதிரி. இதய அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒப்படைப்பதை, ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் பிட் ஸ்டாப்பைப் (பந்தயத்தின் நடுவே காரை நிறுத்தி, ஒரு குழு சில நொடிகளில் டயர் மாற்றி அனுப்புவது) பார்த்துத் திருத்தினார்கள். யார் தலைமை, யாருக்கு எந்த வேலை, எது முதலில் என்பதெல்லாம் தெளிவானது, தவறுகளும் குறைந்தன. 2007இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது.

எங்கள் முன்னோட்டத்தில் விமான நிலையத்தோடு ஒப்பிடலாம் என்றதுமே டோக்கன் திரை, நல்ல நாற்காலி என்று மேலோட்டமாகவே பேச்சு நின்றுவிட்டது. பேச்சை அடியில் இருக்கும் இயக்கத்தை, அதாவது அங்கே வேலை எப்படி நடக்கிறது என்பதை, நோக்கி நகர்த்த என்ன கேள்விகள் கேட்கலாம்? அப்புறம், செவிலியர்களும் பதிவு கவுண்டர் ஊழியர்களும் கலந்துகொள்ளும்போது மருத்துவமனையோடு தொடர்பே இல்லாத வெகுதூரத் துறையை எடுப்பது நல்லதா, ஓரளவு ஒத்திருக்கும் பக்கத்துத் துறையா? அனுபவமுள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.