மறு: துருநீக்கியா, துருமாற்றியா?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய மோட்டார் சைக்கிளுக்கான பராமரிப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஸ்டாண்டு, செயின் கவர், மட்கார்டின் உட்புறம் ஆகியவற்றில் உதிரக்கூடிய துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு, பிடிவாதமாக ஒட்டியிருக்கும் எஞ்சிய துருவின்மேல் ஒரு திரவத்தைத் தடவச் சொல்கிறது நூல். அதிலுள்ள டானிக் அமிலம் துருவோடு வினைபுரிந்து, நீலங்கலந்த கறுப்புப் படலமாகிறது. காய்ந்தபின் அதன்மேலேயே பெயின்ட் அடிக்கலாம். இதை வரைவில் 'துருநீக்கி' என்று எழுதியிருந்தேன். வரைவைப் பார்த்து வேலை செய்த மாணவர், துரு நீங்கவில்லையே என்று அந்தப் படலம் முழுவதையும் உப்புத்தாளால் சுரண்டி எடுத்துவிட்டார். பிழை அவருடையதன்று, என்னுடையது. வேறு சொல் வேண்டும்.

*

'துருமாற்றி' என்றே எழுதுங்கள். சிட்ரிக் அமிலம் துருவைக் கரைத்து வெளியேற்றுவதால் அது நீக்கி. நீங்கள் சொல்வதற்கோ துருவே மூலப்பொருள், துரு இல்லாத இரும்பில் அதற்கு வேலையே இல்லை. மின்மாற்றி வழக்கில் இருக்கும்போது விளக்கமும் தேவைப்படாது.

*

ஐயா, 'மாற்றுதல்' என்பதற்கே நீக்குதல் என்ற பொருள் உண்டு என்பதை மறந்துவிட்டீர்கள். 'அப்பசியை மாற்றுவார்' என்ற குறளில் (225) பசி வேறொன்றாக மாறவில்லை, ஒழிகிறது. ஆகவே துருமாற்றியும் துருநீக்கியே. பாதரசத்தை ஓடாமல் நிறுத்துவதைச் சித்தர்கள் 'கட்டுதல்' என்றனர். இங்கே நடப்பதும் அதுவே. 'துருகட்டி' என்பது என் முன்மொழிவு.

*

துருக்கட்டி என்றால் துருவின் கட்டி என்றல்லவா படிப்பார்கள்?

*

அதனால்தான் ஒற்றில்லாமல் எழுதினேன். துருவைக் கட்டுவது என்னும் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது. நீங்கள் அஞ்சும் துருவினது கட்டிக்கு மிகும். இலக்கணமே இரண்டையும் பிரித்துத் தருகிறது.

*

கையில் பிரஷும் விரலெல்லாம் கிரீஸுமாக நிற்பவர் ஒரு க்-ஐத் தேடிப் பார்த்துப் பொருள் கொள்வார் என்று நான் நம்பவில்லை. அவருக்குக் குறளின் 'மாற்றுவார்' நினைவுக்கு வரும் என்றும் நம்பவில்லை. பழம்பொருள் இருக்கிறது என்பதற்காக இன்றைய பொருளைக் கைவிட்டால் ஒரு சொல்லும் மிஞ்சாது.

*

அனைவருக்கும் நன்றி. மூவர் துருமாற்றி பக்கம் இருப்பதாலும், எனக்கு இனி நாளில்லாததாலும், அதையே இட்டுவிட்டேன். கீழே, 'தோன்றும் கறுப்புப் படலத்தைத் தேய்த்து எடுக்கக் கூடாது. அதுவே காப்பு' என்ற வரியையும் சேர்த்திருக்கிறேன்.

*

அந்த வரி தேவைப்பட்டதே என் கட்சிக்குச் சான்று என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.