பரணில் இருந்த கம்ப்யூட்டர்

குழு: மேலத்தெரு குடும்பம்

*ஞாயிறு*

செல்வம் (காலை 7:42): வெள்ளையடிக்க ஆள் வந்தாயிற்று. பரணை ஒழிக்கிறோம். அப்பாவின் கம்ப்யூட்டர் மேலே இருக்கிறது. மானிட்டர், சிபியு எல்லாம் சேர்த்துப் பழைய இரும்புக்காரர் 400 தருகிறாராம். போட்டுவிடவா?

கலா (7:44): ஐயோ அண்ணா வேண்டாம்

கலா (7:44): அறுபதாம் கல்யாணப் படம் எல்லாம் அதில்தான்

சங்கர் (7:47): 400 ரொம்பக் குறைவு

பார்வதி (7:50): அதே ஆள்தான் போன தடவை வெண்கல உருளிக்கும் விலை கேட்டது

கலா (7:51): உருளி எங்கே மைனி? பொங்கலுக்கே கேட்டேன்

பார்வதி (7:58): இங்கேதான். எங்கே போகும்

முருகன் (8:05): அண்ணா, தயவுசெய்து கொடுக்க வேண்டாம். ஆன் செய்தும் பார்க்க வேண்டாம். எத்தனை வருஷத்துத் தூசி உள்ளே இருக்குமோ. யாழினி மூன்று மாதமாகக் கம்ப்யூட்டர் கேட்கிறாள். புதிது வாங்க இப்போது கையில் இல்லை. அப்பா 2014ல் வாங்கியது நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர். பள்ளி வேலைக்கும் கோடிங் பழகுவதற்கும் அது இன்றைக்கும் போதும். கடைசியில் அது ஆமை மாதிரி ஊர்ந்ததற்குப் பெரிய காரணம் பிராசசர் இல்லை, ஹார்டு டிஸ்க். அதற்குள் தட்டு சுற்றும். ஒரு கை அங்கும் இங்கும் போய்த் தேடி எடுக்கும். அதற்குப் பதில் போடும் எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவும் இல்லை, கேட்டதும் கொடுக்கும். அதை மாற்றி, ராம் மெமரியையும் கொஞ்சம் கூட்டினால் ஆளே மாறிவிடும். அவளையே பிரித்து மாட்டச் சொல்லப் போகிறேன்.

சங்கர் (8:06): மாப்பிள்ளை சுருக்கமாக

கார்த்தி (8:20): சித்தப்பா விண்டோஸ் 11 ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும்

முருகன் (8:24): தெரியும் கார்த்தி. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போடுகிறேன். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம், பழைய மெஷினில் நன்றாக ஓடும்.

கார்த்தி (8:25): வேலரண்ட் கேம் ஓடாதே 😬

தேவி (8:25): ரொம்ப நல்லது

முருகன் (8:31): பெரியப்பா நான் யாழினி, அப்பா போனில். அது சிபியு இல்லை, கேபினெட். சிபியு என்றால் பிராசசர், உள்ளே ஃபேனுக்கு அடியில் இருக்கும்

செல்வம் (8:33): சரி தாயி. கேபினெட்டைக் கொடுக்கவில்லை. ஆனால் வீட்டில் வைக்க இடமில்லை, சீக்கிரம் வந்து எடுங்கள்

சங்கர் (8:40): அதற்கு அன்றைக்கு நானும் 8,000 கொடுத்தேன். ஞாபகத்துக்குச் சொல்கிறேன்

செல்வம் (8:52): யாரும் மறுக்கவில்லை மாப்பிள்ளை

கலா (8:53): இப்போது எதற்கு அது

தேவி (9:10): காலாண்டு லீவுக்கு வருகிறோம். நெல்லை எக்ஸ்பிரஸ் வெயிட்டிங் லிஸ்ட் 41

பார்வதி (9:12): பஸ்ஸில் வாருங்கள். வரும்போது அந்தக் கடைச் சாம்பிராணி இரண்டு பாக்கெட்

முருகன் (9:30): கணக்கு பார்த்தேன். 256 ஜிபி எஸ்எஸ்டி 1,800 சொல்கிறார்கள். ராம் டிடிஆர்3 வகை, ஏற்கெனவே 4 ஜிபி இருக்கிறது, இன்னொரு 4 ஜிபி பழையது ரிச்சி தெருவில் 500. டிடிஆர்4 வாங்கிவிடக் கூடாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஸ்லாட்டில் இறங்காது. பிராசசர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் 120, டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிள் 80, கீபோர்டும் மவுஸும் 600. மொத்தம் 3,100. யாழினி உண்டியலில் 1,150 இருக்கிறது, அதையும் போடுவேன் என்கிறாள்.

கலா (9:34): குழந்தை காசை எடுக்காதே முருகா

முருகன் (9:36): அவள்தான் விட மாட்டேன் என்கிறாள் அக்கா

சங்கர் (9:41): கடையில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடிப்பானே

முருகன் (9:49): அத்தான், போன வருஷம் ஒரு கடையில் என் லேப்டாப்பைச் சரிபார்க்கக் கொடுத்தேன். 8 ஜிபி ராமை எடுத்துவிட்டு 4 ஜிபி போட்டுத் தந்தார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால்தானே? என் பெண்ணுக்கு அது தெரிய வேண்டும்.

சங்கர் (9:50): 👍

கலா (9:58): அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா அண்ணா

*செவ்வாய் (லீவு)*

பார்வதி (காலை 10:15): [படம்] திண்ணை பூராவும் திருகாணி

கலா (10:17): டேய், குழந்தை கையில் ஸ்க்ரூ டிரைவரா! ஷாக் அடிக்கப் போகிறது

முருகன் (10:26): பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனையும் ஒருமுறை அழுத்தி, மிச்சக் கரண்ட்டை இறக்கியாயிற்று அக்கா. கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது, அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும், அது அவளுக்கும் தெரியும். போர்டைத் தொடும் முன் கேபினெட் இரும்பைத் தொடுகிறாள், உடம்பில் இருக்கும் மின்சாரம் ராமைக் கெடுத்துவிடக் கூடாது என்று. பெயின்ட் பிரஷ் வைத்து அவளே தூசி தட்டினாள். ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மூலையில் பல்லி முட்டை இரண்டு. பிராசசர் மேல் இருந்த பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிக் கிடந்தது. துடைத்துவிட்டு உளுந்து அளவு புதிது வைத்தாள். நான் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை.

கார்த்தி (10:30): சூப்பர் யாழ்

கலா (10:31): பல்லி முட்டையை என்ன செய்தீர்கள்

செல்வம் (11:40): ஆன் ஆகவில்லை. பீப் பீப் என்று கத்துகிறது. குழந்தை முகம் வாடிவிட்டது

சங்கர் (11:41): சொன்னேன்ல

கார்த்தி (11:43): ராமாக இருக்கும். கழற்றி அந்தப் பொன் நிறப் பல்லை ரப்பரால் தேய்க்கச் சொல்லுங்கள். பென்சில் அழிக்கிற ரப்பர்

முருகன் (11:58): அத்தை, நான் யாழினி!! வந்துவிட்டது!!! நானே தேய்த்தேன்

கலா (11:58): என் தங்கமே ❤️

சங்கர் (12:02): கெட்டிக்காரி. மாமா 500 தருகிறேன், உண்டியலில் போடு

முருகன் (12:04): தேதி மட்டும் 2014 ஜனவரி 1 காட்டுகிறது. போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032, சமாதானபுரத்தில் கடிகாரக் கடையில் கிடைக்கும். அண்ணா, வரும்போது ஒன்று.

செல்வம் (12:05): சரி

பார்வதி (12:06): அப்படியே தேங்காய் இரண்டு

கலா (12:20): படம்?

முருகன் (12:34): பழைய ஹார்டு டிஸ்க்கில் இன்னும் எதுவும் செய்யவில்லை அக்கா. கழற்றித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். முதலில் புது எஸ்எஸ்டியில் மின்ட் ஏற்றுகிறோம். அது ஓடிய பிறகு ஆஃப் செய்து, பழையதை இரண்டாவது டிஸ்க்காக மாட்டிப் படங்களை எடுக்க வேண்டும். பழைய டிஸ்க் எந்த நேரமும் நின்றுவிடலாம், அதனால் படம் முதலில், மற்றது பிறகு.

கலா (12:36): அப்பா பாஸ்வேர்டு போட்டிருந்தாரே

முருகன் (12:38): அது விண்டோஸுக்குள் நுழைவதற்கு. டிஸ்க்கைப் பூட்டியிருந்தால்தான் சிக்கல், அவர் பூட்டியிருக்க மாட்டார்.

செல்வம் (1:10): அம்மா கேட்கிறாள், அப்பா தனியாக நிற்கும் படம் ஒன்று பெரிதாகப் போட்டுத் தர முடியுமா என்று. திதிக்குள். இப்போது மாட்டியிருப்பது கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டி எடுத்தது, அவளுக்குப் பிடிக்கவே இல்லையாம்

கலா (1:12): எனக்கும் பிடிக்காது. யார் எடுத்துப் போட்டது

பார்வதி (1:13): அவசரத்தில் கிடைத்ததைப் போட்டோம்

தேவி (1:15): எல்லாருக்கும் பென்டிரைவில் போட்டுத் தருகிறோம் அக்கா

செல்வம் (3:20): பாட்டியும் பேத்தியும் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். தமிழில் அடிக்கிறாள். அப்பா அடிப்பாரே, அதே தமிழ்99 கீபோர்டு முறை

முருகன் (3:26): அது மின்ட்டிலும் வரும் அண்ணா. உயிர் எழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. பழைய கீபோர்டில் அப்பா ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது, அதனால் புதுக் கீபோர்டு வேண்டாம் என்கிறாள். அந்தக் காசு மிச்சம்.

கலா (3:27): 😭

கார்த்தி (3:40): கம்ப்யூட்டர் இனி சென்னைக்கா, இங்கேயா?

தேவி (3:52): சென்னைக்குத்தானே. அவளுக்காகத்தானே செய்தது

செல்வம் (4:05): அம்மா இருக்கட்டும் என்கிறாள். பேசிக்கொள்ளலாம்

சங்கர் (4:06): என் 8,000

கலா (4:06): ஏங்க

முருகன் (5:48): பழைய டிஸ்க் ஓடுகிறது! "அறுபது" என்று ஒரு ஃபோல்டர், 38 ஜிபி. அப்புறம் "மொய்" என்று ஒரு எக்செல். அப்பா எல்லாரையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்.

பார்வதி (5:49): அதை எதற்கு இப்போது திறக்கிறீர்கள்

கலா (5:49): திற

கலா (5:50): எங்கள் மாமியார் போட்ட மோதிரம் எழுதியிருக்கிறதா பார். பதினோரு வருஷமாக மைனி இல்லை என்கிறார்கள்

பார்வதி (5:52): நான் இல்லை என்று சொல்லவில்லை. பார்க்கவில்லை என்றுதான் சொன்னேன்

செல்வம் (5:53): முருகா படத்தை மட்டும் எடு

முருகன் (6:01): காப்பி ஓடுகிறது, 62 சதவீதம். முடியும்வரை எதையும் திறக்கக் கூடாது, டிஸ்க் திணறும். யாழினி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

கலா (6:01): சரி. முடிந்ததும் சொல்