புதுப்பிப்பு: ஹீமோபிலியா ஜீன் தெரபி, சிறுவர்களுக்கு உண்டா?

ஹீமோபிலியா என்றால் ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய். அதற்கு, ரத்தத்தை உறையவைக்கும் புரதத்தின் (ஃபேக்டர்) ஜீனை ஏ.ஏ.வி. என்ற நோய் உண்டாக்காத வைரஸ் வழியாகக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் முறையை முந்தைய இழையில் விளக்கியிருந்தேன். திருமங்கலம், மேலூர் பக்கத்துப் பெற்றோர் பலரும் கேட்டது: "பத்து வயசுப் பையனுக்குப் போடலாமா?"

இப்போதைக்கு இல்லை. அனுமதி பெரியவர்களுக்குத்தான். புது ஜீன் பெரும்பாலும் குரோமோசோமில் சேராமல் தனியாகவே நிற்கும். பையன் வளரும்போது கல்லீரல் செல்கள் பெருகும், ஜீன் பெருகாது. பலன் நீர்த்துவிடும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வழி வேறு. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை (ரத்த செல்களை உருவாக்கும் மூல செல்) எடுத்து, லென்டிவைரஸ் என்ற வேறொரு வைரஸால் ஃபேக்டர் 8 (ஹீமோபிலியா ஏ-யில் குறைவது) ஜீனைக் குரோமோசோமிலேயே சேர்த்து, கீமோ கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்தபின் திருப்பிச் செலுத்துகிறார்கள். செல் பிரிந்தாலும் ஜீன் கூடவே போகும். 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. பங்கேற்றவர்கள் 5 பேர்தான், எல்லாரும் பெரியவர்கள். அதனால் அவசரப்பட வேண்டாம். கீமோ குழந்தைப்பேற்றைப் பாதிக்கலாம், இதை யாரும் கேட்பதே இல்லை!

அதுவரை ஃபேக்டர் ஊசிதான். உடல் எடையில் கிலோவுக்கு 1 யூனிட் ஃபேக்டர் 8 போட்டால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2% ஏறும். ஃபேக்டர் 9 (ஹீமோபிலியா பி-யில் குறைவது) என்றால் 1% அளவுக்குத்தான். 30 கிலோ பையனுக்கு 40% ஏற்ற 600 யூனிட், ஃபேக்டர் 9-க்கு ஏறக்குறைய 1200. மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு ஓடும்போது வகை (ஏ-வா, பி-யா), எடை, இன்ஹிபிட்டர் (ஃபேக்டரை முறியடிக்கும் எதிர்ப்பொருள்) ரிப்போர்ட் மூன்றும் கையில் இருக்கட்டும். வலிக்கு ஆஸ்பிரின் கூடாது, தசையில் ஊசியும் கூடாது.