உதவி தேவை: இடப்பக்கப் படங்களில் 7, வலப்பக்கப் படங்களில் 5 – எத்தனை சிறுத்தை?

கொழுந்துமலை:
வணக்கம். பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய காட்டுத் துண்டுகளிலும் வனசீவராசிகள் திணைக்கள அனுமதியோடு சிறுத்தைக் கணக்கெடுப்பு செய்கிறேன், இறுதியாண்டு ஆய்வு. ஏதாவது அசைந்தால் தானாகவே படம் பிடிக்கும் கமரா, ஓர் இடத்துக்கு ஒன்றுதான் கிடைத்தது. புள்ளிகளைப் பார்த்துப் பிரித்ததில் இடப்பக்கப் படங்களில் 7 சிறுத்தைகள், வலப்பக்கப் படங்களில் 5. கூட்டி 12 என்று எழுதலாமா? வெயில் ஏறியதும் வெறும் புல்லாகவே படங்கள் நிறைகின்றன, அதற்கும் வழி சொல்லுங்கள்.

பனிமூட்டம்:
கூட்டவே கூடாது தங்கச்சி. சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிக்கோலமும் வலப்பக்கக் கோலமும் ஒன்றல்ல. வலப்பக்கத்தில் உள்ள 5-ம் அந்த 7-க்குள்ளேயே இருக்கலாம். இப்போதைக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது "குறைந்தது 7". ஒரே வரிசைப் படங்களில் ஏதாவது ஒன்று திரும்பி இரு பக்கமும் காட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் அந்தச் சிறுத்தையின் மட்டில் இரண்டு பட்டியலும் இணையும். ஒப்பிடும்போது தொடைக்கு மேலே, விலாவின் நடுவே உள்ள வளையங்களைப் பாருங்கள். வயிற்றுப் பக்கம் நடையில் சுருங்கி விரியும், ஏமாற்றும்.

புல்லுக்கு மருந்து கத்திதான். சூடேறிய மானாப்புல் காற்றில் ஆடினால் உணரி அதை உயிரென்று எடுத்துக்கொள்ளும். முன்னால் நன்றாக வெட்டிவிடுங்கள்.

கொழுந்துமலை:
நன்றி அண்ணா. இடப்பக்கப் பட்டியலை மாதவாரியாகப் பிரித்தேன். முதல் மாதம் 5, இரண்டாம் மாதம் 5, இரண்டிலும் வந்தவை 3. குட்டிகளைச் சேர்க்கவில்லை.

பனிமூட்டம்:
குட்டிகளை விட்டது சரி. இனி, இரண்டு சுற்றிலும் மீண்டும் வந்தவற்றை வைத்து மொத்தத்தை மதிப்பிடும் சாப்மன் சூத்திரம் போடுங்கள்: (5+1) × (5+1) ÷ (3+1) − 1 = 8. நீங்கள் பார்த்தது 7, மதிப்பீடு 8. ஆனால் மீண்டும் வந்தவை மூன்றே மூன்று. பிழை எல்லை போடாமல் 8 என்று மட்டும் எழுதினால் அது வெறும் ஊகம்தான். இடையில் பிறப்பு, இறப்பு, வெளியேற்றம் இல்லை என்ற அனுமானத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. அதனால்தான் கமரா வேலையை இரண்டு மூன்று மாதத்துக்குள் முடிக்கிறார்கள்.

அடர்த்தி கேட்டால் கமராக்களைச் சுற்றிக் கோடு போட்டு அந்தப் பரப்பால் வகுக்காதீர்கள். சிறுத்தை அந்தக் கோட்டுக்கு வெளியேயும் திரிகிறது. அடர்த்தி கூடித் தெரியும். எந்தக் கமராவில் எது வந்தது என்பதையும் சேர்த்துக் கணிக்கும் இடஞ்சார் முறைக்கு ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் 'எஸ்.இ.சி.ஆர்' (secr) தொகுதி இருக்கிறது, இலவசம்.

அடுத்த சுற்றில் இடங்களைக் குறைத்தாவது பாதையின் இருபுறமும் இரண்டு கமரா வையுங்கள், முழங்கால் உயரத்தில். நேருக்கு நேர் வேண்டாம், ஒன்றின் வெளிச்சம் மற்றதன் படத்தை வெளுத்துவிடும்.

லயத்துக்காரி:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன் மகள். அந்தக் குறுக்குப் பாதைகளில் விடியும்முன் நடப்பது எங்கள் பெண்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் நின்று, எதற்குப் படம் பிடிக்கிறது, ஆட்கள் விழுந்த படத்தை அழித்துவிடுவேன் என்று நேரில் சொல்லுங்கள். கமரா திருட்டும் குறையும். கமரா இருக்கும் இடத்தை இங்கே எழுதிவிடாதீர்கள். பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில்தான் இந்தப் பக்கம் சிறுத்தைகள் மாட்டிச் சாகின்றன. போகிற வழியில் சுருக்கு கண்டால் வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அன்றைக்கே அறிவியுங்கள், ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.