கொல்லிமலைக்கு 20 அடி போர்ட்டா கேபினை முழுதாக ஏற்ற முடியுமா?

மிளகுக்கொடி:
வணக்கம். கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அருகே எங்களுக்குச் சிறிய மிளகுத் தோட்டம் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் தங்குவதற்காக, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கட்டுமான வேலை முடிந்த ஓரிடத்தில் விலைக்கு வந்திருக்கும் பழைய போர்ட்டா கேபின் (வண்டியில் ஏற்றிவந்து வைக்கும் ஆயத்த அறை) ஒன்றைப் பேசி வைத்திருக்கிறோம். நீளம் 20 அடி, அகலம் 10 அடி, உயரம் எட்டரை அடி. விலை நியாயமாகவே படுகிறது. ஆனால் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அதை மேலே கொண்டுபோக முடியுமா, முன்பணம் கொடுப்பதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சங்ககிரி லோடு:
முழுதாக ஏற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. 8 அடி கேபின் 2.44 மீட்டர் என்பதால் சிக்கலில்லை; உங்களுடையது 3.05 மீட்டர். ஆகவே அது ஓடிசி, அதாவது அளவு மீறிய சரக்காகிவிடும். தனி அனுமதி வாங்க வேண்டும், வாடகையும் அதற்கேற்ப ஏறும். சரக்குடன் போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லிலும் ஓடிசி என்றே பதிய வேண்டும். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்றால், ஓடிசிக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் கணக்கிடப்படுகிறது.

உயரமும் இடிக்கும். ஒன்றரை மீட்டர் உயரத் தளமுள்ள டிரெய்லரில் எட்டரை அடி கேபினை வைத்தால், அனுமதிக்கப்பட்ட 4 மீட்டரைச் சற்றே தாண்டிவிடும். அதற்காக லோ-பெட் எனும் தாழ்தள டிரெய்லரைப் பிடித்தால் சமவெளியில் நிம்மதியாகப் போகலாம். மலையடிவாரம் வந்ததும் அந்தத் தாழ்ந்த தளமே எதிரியாகிவிடும். கொண்டை ஊசி வளைவில் சாலை ஒரே நேரத்தில் திரும்பவும் ஏறவும் செய்வதால், நீண்ட வண்டியின் வயிறு தரையைத் தட்டி நின்றுவிடும். பின்னால் வரும் பேருந்துக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஷெட் வேலை:
மேலே சொன்னது சரி. அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது போல்ட்டில் கோத்த பஃப் பேனல் (நடுவில் நுரை வைத்த தகட்டுப் பலகை) கேபினா, அல்லது இரும்புச் சட்டத்தில் தகடு வெல்டிங் செய்து உள்ளே பிளைவுட் அடித்ததா என்பதுதான். முதல் வகையென்றால் பிரித்து, சிறிய லாரிகளில் இரண்டு மூன்று நடையாக ஏற்றி, மேலே மீண்டும் கோக்கலாம். 50 மில்லிமீட்டர் பேனல் ஒன்றை இருவர் தூக்கிவிடுவார்கள் என்பதால் தோட்டத்தில் ஹைட்ரா கிரேனும் தேவைப்படாது. அடிச்சட்டம் மட்டும் 20 அடி நீளத்தில் ஒரே துண்டாக இருக்கும். அதை நடுவில் அறுத்து, பிளேட் வைத்து போல்ட் போடும்படி செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது வகையென்றால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

நேரில் பார்க்கும்போது வெளிப் பெயின்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். குனிந்து அடியிலுள்ள சி-சேனலை, அதாவது சி வடிவ இரும்புச் சட்டத்தை, சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால் அந்தச் சட்டம் இன்னொரு பயணத்தைத் தாங்காது. கதவு கீழே உரசினால் சட்டம் முறுக்கியிருக்கலாம். ஏசி இருந்த மூலையில் சிமென்ட் போர்டு தரையைக் காலால் அழுத்திப் பாருங்கள். சொட்டிய தண்ணீரில் ஊறியிருந்தால் தெரிந்துவிடும்.

ஊராட்சி வாசகர்:
சக்கரம் வைத்து வந்தாலும், பீடத்தில் அமர்த்திக் குடியிருந்தால் அதைக் கட்டடமாகக் கருத இடமுண்டு. உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு, ஊராட்சியிலும் விசாரித்துக்கொள்ளுங்கள். பம்புசெட்டுக்கான இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து கேபினுக்கு வயர் இழுக்கக் கூடாது. தனி இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மிளகுக்கொடி:
அனைவருக்கும் நன்றி. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலைகளில் வெல்டிங் தடம் தெரிகிறது, உள்ளே பிளைவுட். ஆகவே இதை விட்டுவிட்டு, 12க்கு 8 அடியில் பிரித்துக் கோக்கும் புதிய கேபினுக்கு நாமக்கல் பக்கமே விலை கேட்கப் போகிறேன். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தாலும், ஓடிசி வாடகையோடு ஒப்பிட்டால் கட்டுப்படியாகும் என்று தோன்றுகிறது.